கடைசியாகப் போனை வைப்பவர்

தங்கை "சரிக்கா, வெக்கறேன்" என்று சொல்லி அரை நிமிடம் ஆகிவிட்டது. இவர் இன்னும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று விழுகிறது. பிறகு குரல்: "இன்னும் இருக்கியா? வை போனை, எனக்கு வேலை கிடக்கு."

"நீ வை முதல்ல."

அவள் வைத்தாள். அதன் பிறகே இவர் கணினிப் பக்கம் திரும்பினார்.

ஆஸ்பத்திரியில் இவருக்கு லைன் அக்கா என்றுதான் பெயர். இதே கட்டடத்தில் பதினொரு வருடம், பலகையில் பிளக்கைச் செருகி லைன் கொடுக்கும் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். அந்த வேலை இல்லாமல் போனதும் பதிவேட்டு அறைக்கு மாற்றினார்கள். அங்கே மதியத்துக்குமேல் வேலை இருக்காது. ஜாவாஸ்கிரிப்ட் கற்றது அந்த மதியங்களில்தான். முதலில் திரையில் பொத்தான்களை வரவைத்தார், பிறகு சர்வரில் ஓடும் நிரல்களுக்கு வந்தார். "இந்த வயசுல இது எதுக்கு?" என்று வீட்டுக்காரர் கேட்டாராம். "பழைய வேலைதாங்க. கையில பிளக் மட்டும் இல்ல" என்றாராம் இவர்.

இப்போது கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் இவர் மேசை. நிமிர்ந்தால் தலை இடிக்கும், நிமிர்வதில்லை. மேலே தீவிர சிகிச்சைப் பிரிவில் எட்டுப் படுக்கைகள், எட்டுக் கருவிகள். ஒவ்வொன்றும் நாடித்துடிப்பை விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த எட்டு ஓட்டங்களையும் ஒன்றாகச் சேர்த்து, நர்ஸ்களின் மேசையில் இருக்கும் ஒரே திரைக்குக் கொண்டுபோவது இவர் எழுதிய நிரல்.

"சேர்க்கறது பெரிய விஷயமில்ல. சேர்த்த பிறகு எது யாரோடதுன்னு தெரியணும்." ஒவ்வொரு அளவின்மேலும் படுக்கை எண்ணையும் நேரத்தையும் ஒட்டிய பிறகுதான் உள்ளே விடுவார். ஐந்தாம் படுக்கையின் கருவி பழசு. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு மொத்தமாகக் கொட்டும். "அது அப்படித்தான். பாவம், மூச்சு வாங்குது."

போன வாரம் சோதனைக்காகத் திரையை ஓடவிட்டிருந்தார்கள். மூன்றாம் படுக்கைக்காரர் குணமாகி வீட்டுக்குப் போனார். அவருடைய கருவியை அணைத்த அந்த நொடியே திரையில் எட்டுக் கோடுகளும் நின்றுபோயின. ஆபத்து என்றால் படுக்கையருகே உள்ள கருவியே கத்தும் என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பெரிய சிஸ்டர் படியிறங்கி வந்துவிட்டார்.

"ஏம்மா, ஒருத்தர் வீட்டுக்குப் போனா மத்த ஏழு பேருக்கும் நாடி நின்னுடுமா?"

இவர் நிரலைத் திறந்து உட்கார்ந்தார். இரண்டு நாள் தேடினார். ஓர் ஓட்டம் முடிந்தால், அது போய்ச் சேரும் வழியையும் சேர்த்து மூடிவிடும்; வேண்டாம் என்று நாம் சொல்லாதவரை வழக்கம் அதுதான். ஒரே ஓட்டம் என்றால் அதில் தப்பில்லை. எட்டும் ஒரே வழியில் போனால்?

"முதல்ல எழுந்தவர் லைட்ட அணைச்சிட்டுப் போயிட்டார். மத்தவங்க இருட்டுல பேசிட்டு இருந்திருக்காங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு பென்சிலைச் சீவ ஆரம்பித்தார், சீவ வேண்டிய அவசியமே இல்லாத பென்சில். "பதினொரு வருஷத்துல ஒரு லைனக்கூட நடுவுல அறுத்ததில்ல நான்."

திருத்தம் நான்கே வரி. போகிறவர் வழியை மூடக்கூடாது. இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நிரல் எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை பூஜ்யமானால் மட்டும் மூடும்.

இன்று மறு சோதனை. மூன்றில் புது நோயாளி வந்துவிட்டார். பதினொரு மணிக்கு ஏழாம் படுக்கை காலியாகிறது. இந்த முறையும் கோடுகள் நின்றால் திரையைக் கழற்றிவிடுவதாகப் பெரிய சிஸ்டர் சொல்லியிருக்கிறார். நர்ஸ்களுக்கு மறுபடியும் நோட்டுப் புத்தகம், படுக்கைக்குப் படுக்கை நடை.

பதினொன்று ஐந்து. தேநீரில் ஆடை படிந்திருந்தது. மேசைமேல் நான்கு பென்சில்கள், நான்கும் ஊசியாக. உள் இணைப்புப் போன் அடித்தது.

"ஏழு போயிடுச்சு" என்றார் பெரிய சிஸ்டர்.

இவர் ரிசீவரைக் காதோடு அழுத்தினார்.

"மத்த ஏழும் ஓடுது. உன் மூச்சு வாங்கற அஞ்சுகூட ஓடுதும்மா. சரி, இருந்துட்டுப் போகட்டும் உன் டிவி. வெக்கறேன்."

வைக்கவில்லை. அவசரத்தில் ரிசீவரை மேசைமேல் போட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். செருப்புச் சத்தம் தூரமாகப் போனது. திரைச்சீலை ஒன்று இழுபட்டது. அதற்கும் பின்னால், ஒன்றோடொன்று தாளம் சேராமல், கருவிகளின் சன்னமான ஒலிகள்.

லைன் அக்கா ரிசீவரை மற்ற காதுக்கு மாற்றி, தோளால் அணைத்துக்கொண்டு, ஆறிய தேநீரை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார்.