எந்தக் கண்ணை நம்புவது

முதலில் சால்வையைப் போர்த்திக்கொள்ள வேண்டும். வந்த காரியத்தை அப்புறம் சொல்லலாம். கலரக்காவின் வேலை அறையில் கதவுக்குப் பக்கத்து ஆணியில் சாம்பல் நிறச் சால்வை ஒன்று தொங்குகிறது. பச்சைச் சட்டைக்காரரோ, ஆரஞ்சுக் கோட்டு மாட்டிய கூரியர்காரரோ, யாராயிருந்தாலும் கழுத்துவரை அதைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே கால் வைக்கலாம். மறந்துபோய் நுழைந்தவரை அக்கா திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "சட்டை" என்பார், அவ்வளவுதான். அறை சின்னது. இடது கை பின்னால் நீண்டு ஆணியிலிருந்து சால்வையை உருவி நீட்டும். வலது கை மவுசை விட்டிருக்காது.

காரணம் இல்லாமல் இல்லை. கல்யாணப் படங்களின் நிறத்தைச் சரிசெய்து ஆல்பமாக அடுக்கிக் கொடுப்பது அக்காவின் தொழில். ஆறு ஸ்டுடியோக்கள் படங்களை அவரிடம்தான் அனுப்புகின்றன. பின்னால் ஒருவர் சிவப்புச் சட்டையோடு வந்து நின்றால் அந்தச் சிவப்பு மானிட்டரில் விழும். மணப்பெண்ணின் கன்னம் சிவந்து தெரியும். அக்கா அதைக் குறைப்பார். அச்சாகி வரும்போது பெண் காய்ச்சலில் கிடந்து எழுந்தவளைப் போல் இருப்பாள். இப்படி ஒரு தடவை நடந்துபோனதில் வந்ததுதான் இந்தச் சால்வை. சுவரெல்லாம் சாம்பல் பூசியதும் அப்போதுதான். "மழை வர்ற மாதிரியே இருக்கு, காயப்போட்ட துணியை எடுத்து உள்ள போடணும்போல தோணுது" என்று வீட்டுக்காரர் அன்று சொன்னதை இன்றுவரை மாற்றவில்லை.

வீட்டுக்காரரைத் தெருவில் தராசுக்காரர் என்பார்கள். கடைத் தராசுகளைப் பழுது பார்த்து, எடை சரிதானா என்று சோதித்துக் கொடுப்பவர். நாள் முழுக்க இரும்போடு புழங்குகிற மனுஷன், சட்டையாவது சிரிக்கட்டுமே என்பது அவர் கட்சி. கிளி, செம்பருத்தி, தர்பூசணி என்று ஒவ்வொரு நாளும் ஒன்று போட்டுக்கொள்வார். ஆக, சால்வை வந்த இந்தப் பதினாலு வருடத்தில் அதை அதிகம் போர்த்தியவர் அவர்தான். சொந்த வீட்டில் காப்பி கொண்டுபோய்க் கொடுக்க வேஷம் கட்ட வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுத்துக்கொண்டே போர்த்துவார்.

அக்காவிடம் இன்னொரு பழக்கம் உண்டு. திங்கட்கிழமை காலையில் வேலை தொடங்குமுன் மேசை இழுப்பறையிலிருந்து வெள்ளை டைல்ஸ் ஒன்றை எடுப்பார். குளியலறைக்கு ஒட்டியதில் மிஞ்சியது. காகிதம் நாளாக ஆகப் பழுத்துவிடும், ஓடு பழுக்காது என்பது அவர் கண்டுபிடிப்பு. அதை விளக்கடியில், மானிட்டரை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, திரையின் வெள்ளையும் ஓட்டின் வெள்ளையும் ஒன்றாகத் தெரியும்வரை சிவப்பு, பச்சை, நீலம் என்று பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தால் எடுக்கமாட்டார். மகளாக இருந்தாலும் சரி, யாராக இருந்தாலும் சரி.

இப்படி இருந்தவருக்குத்தான் வலது கண்ணில் கண்புரை. அறுவை முடிந்து கட்டுப் பிரித்த அன்று, ஆஸ்பத்திரிக் கைகழுவும் தொட்டியைப் பார்த்து, "இவ்வளவு வெள்ளையாவா இருக்கும்!" என்று சிரித்தார். எல்லாருக்கும் சந்தோஷம். வீட்டுக்கு வந்து அறைக்குள் போய் டைல்ஸை எடுத்தார். புதுக் கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தார். ஓடு, பால் ஊற்றாத தேநீரில் முக்கி எடுத்ததுபோல் இருந்தது. இடதை மூடி வலதால் பார்த்தார். நீலம் போட்டு அலசியதுபோல் இருந்தது.

எந்தக் கண் சொல்வது நிஜம்? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று பின்னாலேயே வந்தது. இடது கண் இன்று காட்டுகிற மஞ்சளைத்தானே வலது கண்ணும் போன வாரம்வரை காட்டிக்கொண்டிருந்தது? புரை இவ்வளவு முற்ற ஐந்தாறு வருடமாகியிருக்கும் என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆறு வருடமென்றால் நானூறு கல்யாணம். இல்லாத மஞ்சளைக் கண்டு அதைக் குறைத்து, நீலத்தை ஏற்றி, நானூறு வீட்டுக்கும் நீல மூஞ்சிகளை அனுப்பிவைத்திருக்கிறோமா? அந்த நானூறில் சொந்த மகளின் கல்யாணமும் ஒன்று. நாலு வருடத்துக்கு முன்னால், வேறு யார் கையும் பட விடாமல், ஒவ்வொரு படமாக உட்கார்ந்து செய்தது.

ஒருத்தரும் குறை சொல்லவில்லைதான். அதை வைத்து மனசைத் தேற்றிக்கொள்ள முடியவில்லை. கல்யாண ஆல்பத்தில் நிறத்தை யார் பார்க்கிறார்கள்? நாம் இருக்கிறோமா, கண்ணை மூடிக்கொண்டிருக்கிறோமா, பிடிக்காத உறவுக்காரர் எத்தனை படத்தில் நிற்கிறார், இதுதானே பார்வை. மகளுக்குத் தொலைபேசி போட்டு, ஏதோ பேச்சுவாக்கில் கேட்பதுபோல் ஆல்பத்தில் நிறமெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். "நல்லாத்தாம்மா இருக்கு. மாமியார் மட்டும் நேர்ல விட கொஞ்சம் வெளுப்பா இருக்காங்க. அவங்களுக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றாள் மகள். அந்த வெளுப்பு தன் கண் ஏற்றிவிட்ட நீலம்தான் என்று அக்கா முடிவு கட்டிவிட்டார்.

யாரிடமும் சொல்லவில்லை. இப்படி என்று வெளியே தெரிந்தால் ஆறு ஸ்டுடியோவும் அடுத்த நாளே வேறு ஆளைத் தேடும். அதுகூடப் போகட்டும், இத்தனை வருடமாகக் 'கலரக்கா, கலரக்கா' என்று கூப்பிட்டவர்களின் முகத்தில் எப்படி விழிப்பது? இரண்டு ஆல்பங்கள் பாதியில் நின்றன. அவற்றைக் கொடுத்திருந்த ஸ்டுடியோக்காரம்மா கூப்பிடும்போதெல்லாம், கண்ணில் சொட்டு மருந்து விட்டிருக்கிறேன் என்று அக்கா சமாளித்தார். இடது கண்ணுக்கு ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்தார்கள். அக்கா தள்ளிப்போட்டார். மறுபடி கொடுத்தார்கள், மறுபடி தள்ளிப்போட்டார். அந்தக் கண்ணையும் மாற்றிவிட்டால் பழைய பார்வைக்குச் சாட்சியே இல்லாமல் போய்விடும். திங்கட்கிழமைகள் வந்து போயின. டைல்ஸ் இழுப்பறையிலேயே கிடந்தது. மானிட்டர் பொத்தான்கள் பழைய கண் கடைசியாகத் தட்டி வைத்த இடத்திலேயே நின்றன.

தராசுக்காரர் கண்டுபிடித்தது இதில் எதையும் இல்லை. ஒரு நாள் கிளிச் சட்டையோடு, சால்வையை மறந்து, காப்பியோடு உள்ளே போய்விட்டார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தர்பூசணிச் சட்டையோடு வேண்டுமென்றே போய் நின்றார். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் மனுஷனுக்குப் பயம் பிடித்தது. என்ன என்று கேட்டதற்கு அக்கா பிடிகொடுக்கவில்லை. மானிட்டரை அளக்கிற கருவி ஒன்று வாங்க வேண்டும், எதை வாங்குவது என்றுதான் குழப்பம் என்று மட்டும் சொன்னார். அளக்கிற கருவி என்ற சொல் காதில் விழுந்தால் தராசுக்காரரை வீட்டில் நிறுத்திவைக்க முடியுமா? அவரும் கூடவே கிளம்பிவிட்டார்.

கேமராக் கடை மேலாளர் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். மூன்றும் உள்ளங்கைக்குள் அடங்குகிற சமாச்சாரம். மானிட்டரின் மேல் தொங்கவிட்டால் திரை காட்டுகிற நிறத்தை அளந்து, தவறு இருந்தால் திருத்திவிடும். முதலாவது விலை குறைவு, இரண்டே நிமிடத்தில் திருத்திக் கொடுத்துவிடும். திருத்துவதற்கு முன்னால் எவ்வளவு தவறு இருந்தது என்று காட்டுமா என்று அக்கா கேட்டார். அதெல்லாம் காட்டாது, சரியாகிவிட்டது என்று மட்டும் சொல்லும் என்றார் மேலாளர். அது எதற்கு என்பதுபோல் பார்க்கவும் செய்தார். அக்கா அந்தப் பெட்டியை ஒரு விரலால் ஓரமாகத் தள்ளினார். மூன்றாவது அச்சுத் தாளையும் அளக்குமாம், மை கலப்பதற்கும் உதவுமாம். அக்காவிடம் அச்சு இயந்திரமே கிடையாது. மேலாளர் அதைத்தான் நிமிடத்துக்கொரு தடவை முன்னால் நகர்த்திக்கொண்டிருந்தார்.

நடுப்பெட்டி முதலில் இருப்பதை அளந்து, வெள்ளை எவ்வளவு விலகியிருக்கிறது என்று ஒரு எண் கொடுத்துவிட்டுத்தான் திருத்தத் தொடங்கும். அக்கா அதைக் கையில் எடுத்தபோது தராசுக்காரர் குறுக்கே விழுந்தார்.

"எல்லாம் சரிங்க. இது சரியா அளக்குதான்னு நாங்க எதை வச்சுப் பாக்குறது? இதுக்கே கண்ணு மங்கிப்போனா?"

அக்கா சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தார். மனுஷன் ஒன்றும் அறியாமல், எந்தக் கடையில் எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டிருந்தார். மேலாளர், நல்ல கேள்வி என்று ஒப்புக்கொண்டார். பழைய கருவிகளில் உள்ளே இருக்கிற நிறத்தகடுகள் சில வருடத்தில் வெளுத்துப்போகும், வெளுத்தது கருவிக்கே தெரியாது, தப்பாக அளந்துகொண்டே இருக்கும் என்றார். இதில் தகடு கண்ணாடி, காற்றுப் புகாமல் அடைத்தது, தொழிற்சாலையில் சோதித்த சான்றும் உள்ளேயே இருக்கிறது என்று காட்டினார். தராசுக்காரர் அந்தச் சான்றை ஒரு வரி விடாமல் படித்து, தேதியையும் முத்திரையையும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். கிளம்பும்போது மேலாளர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்: மூன்றுக்குள் வந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. ஐந்து வந்தால் தொழில் தெரிந்தவருக்குத் தெரியும். பத்து வந்தால் எல்லாருக்கும் தெரியும். அக்கா மனசுக்குள் பன்னிரண்டு என்று போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால், மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடான பிறகுதான் அளக்க வேண்டுமாம். அந்த அரை மணியைத் தாண்டுவது பெரும்பாடாகிவிட்டது. கருவியின் ஒயர் மானிட்டருக்குப் பின்பக்கம் வழியாகத் தொங்கியது. முன்னால் கருவி வழுக்கி இறங்காமலிருக்க அதில் சின்னதாக ஒரு எடையைக் கோத்திருந்தார்கள். "அட, நம்ம ஆளு" என்று தராசுக்காரர் அதைத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். சிரிப்பார் என்று திரும்பினால், அக்காவின் கண்ணில் தண்ணீர் நின்றது.

"என்னங்க, நம்ம பொண்ணு ஆல்பத்தையே நான் கெடுத்து வச்சிருக்கேனோன்னு பயமா இருக்கு" என்றார் அக்கா. பிறகு எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு கண்ணும் இரண்டு விதமாகச் சொல்வது, நானூறு கல்யாணம், சம்பந்தியம்மாவின் வெளுப்பு, இடது கண்ணைத் தள்ளிப்போட்ட காரணம், எல்லாம். நாலு மாதம் அடைத்து வைத்தது நாலு நிமிடத்தில் வந்துவிட்டது. தராசுக்காரர் செம்பருத்திச் சட்டையோடு நாற்காலிக்குப் பின்னால் அப்படியே நின்றார்.

கருவி வேலையைத் தொடங்கியது. திரையில் சிவப்பு வந்தது, பச்சை வந்தது, நீலம் வந்தது, சாம்பல் வந்தது. எல்லாம் ஒரு முறை போய் மறுபடியும் வந்தது. அக்கா இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார். "வந்திடுச்சு, பாரு" என்று தராசுக்காரர் தோளைத் தொட்டபோதும் திறக்கவில்லை. நீங்களே படியுங்கள் என்றார்.

"ரெண்டு புள்ளி ஒண்ணு."

"பன்னிரண்டு புள்ளி ஒண்ணா?"

"ரெண்டு. ரெண்டே ரெண்டு."

அக்கா கண்ணைத் திறந்து, இடது கண்ணால் ஒரு தரம், வலது கண்ணால் ஒரு தரம், இரண்டாலும் சேர்த்து ஒரு தரம் அந்த எண்ணைப் படித்தார். எப்படிப் பார்த்தாலும் இரண்டு புள்ளி ஒன்றுதான். போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் நம்ப மனசு வரவில்லை. இத்தனை மஞ்சள் கண்ணை வைத்துக்கொண்டு இது எப்படிச் சரியாக வரும் என்று கேட்டார்.

தராசுக்காரருக்கு இதில் அதிசயப்பட ஒன்றுமே இல்லை. "கோணல் தராசுல நான் எப்படி எடை போடுவேன் தெரியுமா? சாமானை ஒரு தட்டுல வச்சு, மறு தட்டுல மணலைக் கொட்டி நேராக்குவேன். அப்புறம் சாமானை எடுத்துட்டு, அதே தட்டுல எடைக்கல்லை வைப்பேன். தராசு எவ்வளவு கோணலா இருந்தாலும் எடை சரியா வந்துடும். ரெண்டும் ஒரே கோணல்லதானே நின்னுச்சு? நீ அந்த ஓட்டையும் திரையையும் ஒரே கண்ணாலதானே பாத்த? மஞ்சள் ரெண்டு பக்கமும் விழுந்து கழிஞ்சு போச்சு."

"மூஞ்சிங்க?"

"எங்க மூஞ்சியெல்லாம் வேற கண்ணாலயா பாத்துட்டு இருந்த? தெருவுல பாத்ததும் அதே கண்ணு, திரையில பாத்ததும் அதே கண்ணு."

அக்கா இழுப்பறையைத் திறந்து டைல்ஸை எடுத்தார். முந்தானையால் இரண்டு பக்கமும் துடைத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். வலது கண்ணுக்கு இரண்டும் ஒரே நீலம், இடது கண்ணுக்கு இரண்டும் ஒரே மஞ்சள். அப்படியானால் சம்பந்தியம்மா ஏன் வெளுத்தார் என்று ஒரு சந்தேகம் எட்டிப்பார்த்தது. அன்று அந்தம்மா முகத்துக்குப் பூசியிருந்த பவுடர் ஞாபகத்துக்கு வந்ததும் சிரித்துவிட்டார். நல்ல சிரிப்பு, நாலு மாதத்துக்கும் சேர்த்து. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டு இடது கண்ணுக்கு நாள் வாங்கச் சொன்னார். தராசுக்காரர் சரி என்றார்.

பாதியில் நின்ற ஆல்பத்தை அக்கா திறந்தார். மணப்பெண் திரையில் வந்தாள். அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்து, அவள் கன்னத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பின்னால் தராசுக்காரர் நகராமல் நின்றிருந்தார். அக்கா திரும்பவில்லை. வலது கை மவுசிலேயே இருந்தது. இடது கை பின்னால் நீண்டு, ஆணியைத் தடவி, சால்வையை உருவி அவர் பக்கம் நீட்டியது.