ஒரு பச்சைப் பானத்தின் நேரடி ஆய்வு

ஒரு கடிதம் கிடைத்தால் பதினைந்து நாளுக்குள் ஒப்புகை தர வேண்டும். அடுத்த பதினைந்து நாளுக்குள் பதில் தர வேண்டும். அதற்குள் முடியாதென்றால், ஏன் முடியவில்லை என்று ஓர் இடைக்காலப் பதிலாவது போட வேண்டும். அலுவலக நடைமுறைக் கையேட்டில் உள்ள விதி இது. முப்பத்தாறு ஆண்டுகள், சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள் தள்ளியிருக்கும் இந்தத் தீவில், கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து இதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். என் மகள் நளினிக்கு நான் எழுதிய கடிதத்துக்கு எட்டு மாதமாகப் பதில் இல்லை. ஆனால் தினமும் காலை பதினொரு மணிக்கு, ஜங்லிகாட்டில் உள்ள எங்கள் வீட்டில், என் மனைவி மரகதத்தின் கைபேசி சென்னையிலிருந்து ஒலிக்கும். மரகதம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்ப் பேசுவாள். என்னைப் பற்றி அந்தப் பக்கத்திலிருந்து வரும் ஒரே விசாரணை, நான் பிரஷர் மாத்திரை போட்டேனா என்பது. ஒரே கூரையின் கீழ் நான் ஓர் இணைப்புத் தாளைப் போல வாழ்ந்துகொண்டிருந்தேன்.

கடிதத்தில் என்ன இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நளினி சென்னையில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இருந்தாள். தேர்வு எழுதிப் பெற்ற வேலை. அதை ராஜினாமா செய்துவிட்டுக் குளிர்பானக் கடை வைக்கப் போவதாகச் சொன்னாள். கூடவே ஒரு படம் அனுப்பினாள். கண்ணாடித் தம்ளரில் அடியில் சிவப்பாக ஏதோ பழம், நடுவில் பனிக்கட்டியும் பாலும், மேலே பச்சையாக ஒரு படலம். மழைக்காலத்தில் எங்கள் வீட்டு சிண்டெக்ஸ் தொட்டியின் உள்சுவரில் படிவது போன்ற பச்சை. மாட்சா என்ற ஜப்பான் தேயிலைத் தூளாம். நான் தொலைபேசியில் கத்தவில்லை. பொருள், பார்வை, எண்ணிட்ட ஏழு பத்திகள் என்று முறையாக ஒரு கடிதம் எழுதினேன். பாசியைக் கரைத்து விற்பது ஒரு தொழிலாகாது என்பது ஐந்தாவது பத்தி. கடைசியில், கை பழக்கத்தில், 'நகல்: தகவலுக்காக' என்று போட்டு, மதுரையில் இருக்கும் அவளுடைய மாமனாருக்கும் ஒன்று அனுப்பினேன். சம்பந்தப்பட்டவர்களுக்கு நகல் அனுப்பாத கடிதத்தை நான் என் வாழ்நாளில் எழுதியதில்லை.

நகல் அசலுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. தபால் துறையின் தர்க்கம் தபால் துறைக்கே தெரியும். மாமனார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஞாயிற்றுக்கிழமை மகனும் மருமகளும் வந்திருந்தபோது, சாப்பாட்டு மேசையில், விருந்தாளிகள் முன்னிலையில், ஏழு பத்திகளையும் ஏற்ற இறக்கத்தோடு வாசித்திருக்கிறார். பிறகு என் கருத்தோடு முழுதும் உடன்படுவதாக எனக்கு ஏழே நாளில் பதில் போட்டார். இந்த விவகாரத்தில் விதிப்படி நடந்துகொண்ட ஒரே மனிதர் அவர். நளினி அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "அப்பா எழுத்துல குடுத்துட்டாரும்மா. நானும் எழுத்துலதான் குடுப்பேன். அதுவரைக்கும் அவருகிட்ட போனக் குடுக்காத."

தாய்நாட்டில் இருப்பவர்களுக்கு இங்கே ஒன்றை விளக்க வேண்டும். தாய்நாடு என்றால் இங்கே யாருக்கும் புரியாது, 'மெயின்லேண்ட்' என்றுதான் சொல்ல வேண்டும். அரசு ஊழியர் விடுமுறைப் பயணச் சலுகை பெற, சொந்த ஊர் எது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பணிக்காலத்தில் ஒரே ஒரு முறைதான் அதை மாற்றலாம். நான் தேவகோட்டை என்று எழுதிக் கொடுத்தேன். மாற்றவே இல்லை. கப்பலில் மூன்று நாள் வாந்தியெடுத்து அங்கே போய்ச் சேர்ந்தால், 'எப்போ திரும்புறீங்க?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அங்கே எனக்கு வீடில்லை, பேச ஆளில்லை, காகிதத்தில் மட்டும் ஓர் ஊர் இருந்தது. நளினி இங்கே பிறந்தவள். ஹிந்தியில் சண்டை போட்டு, தமிழில் அழுது வளர்ந்தவள். அவள் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தபோது சொந்த ஊர் என்ற கட்டத்தில் ஜங்லிகாட் என்று எழுதினாள். அலுவலகத்தில் அது எங்கே இருக்கிறது என்று கேட்டுச் சிரித்தார்களாம். ராஜினாமாவோடு அந்த அறிவிப்பும் காலாவதியாகிவிட்டது. என் ஏழு பத்திகளில் இதற்கு மட்டும் இடம் இருக்கவில்லை.

ஜூலை மாதத்தில் நளினியின் கடையிலிருந்து மரகதத்தின் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. ஒரு சிறிய டப்பாவில் பச்சைத் தூள், சவரத் தூரிகையைப் போன்ற ஒரு மூங்கில் பொருள், செய்முறை அச்சிட்ட அட்டை. டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். வெயிலில் காய்ந்த கடற்பாசியோடு மாட்டுத் தீவனத்தைக் கலந்ததைப் போல இருந்தது. சொன்னேன். மரகதம் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"குடிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தாலே தெரியுது."

"சைட்டுக்குப் போகாம ரிப்போர்ட் எழுதுனான்னு ஒரு ஜூனியர் இன்ஜினீயர் மேல மெமோ குடுத்தீங்களே, மாயாபந்தர் படகுத்துறை வேலைல. அந்தப் பையன் நம்ம வீட்டு வாசல்ல வந்து அழுதான். நீங்க என்னங்க சொன்னீங்க அவன்கிட்ட?"

பார்வையிடாமல் எழுதிய அறிக்கை செல்லாது என்று சொன்னேன். அந்த விதி அதற்கு முன் என் வீட்டுக்குள் வந்ததில்லை.

எனவே ஆய்வு தொடங்கியது. அட்டையில் ஸ்ட்ராபெரி என்றிருந்தது. இந்தத் தீவில் ஸ்ட்ராபெரி என்பது குழந்தைகள் பற்பசையின் வாசனை. உள்ளூர் அன்னாசி வாங்கி, மசித்து, சர்க்கரை கலந்து தம்ளரின் அடியில் போட்டேன். அன்று மின்வெட்டு. ஃப்ரிட்ஜில் பாதி உறைந்த நாலு துண்டுகள்தான் இருந்தன. அவற்றின் மேல் பாலை ஊற்றினேன். பச்சைத் தூளைக் கொதிக்கும் நீரில் கலக்கி அதற்கும் மேல் கொட்டினேன். படத்தில் மூன்று நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று அமைதியாக நின்றன. என் தம்ளரில் எல்லாம் ஒரே நிறமாகின. அது எந்த நிறம் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. சற்று நேரத்தில் வேகாத அன்னாசியில் பால் திரிந்து, திப்பித் திப்பியாக மிதந்தது. ஆய்வு அதிகாரி என்ற முறையில் ஒரு வாய் குடித்தேன். வேப்பிலையும் புளித்த தயிரும் சேர்ந்து நாக்கைப் பிடித்துக்கொண்டன. வாஷ்பேசினுக்கு ஓடினேன்.

"அன்னாசியக் கொதிக்க வைக்காம பால ஊத்துவாங்களா?" என்றாள் மரகதம். அட்டையைப் படித்துப் பார்த்தாள். பனிக்கட்டி தம்ளர் நிறைய இருந்தால்தான் பாலும் பச்சையும் கலக்காமல் மெதுவாக இறங்கும் என்று அதில் எழுதியிருந்தது. நான் படங்களை மட்டும் பார்த்திருந்தேன்.

மறுநாளும் மின்சாரம் வந்து வந்து போனது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மீன் இறங்குதுறைக்குப் பக்கத்தில் இருக்கும் ஐஸ் கடைக்குப் போனேன். தரையெல்லாம் மீன் கழுவிய தண்ணீர். ஐஸ்காரர் தெலுங்கர். எல்லாரையும் போல இங்கத்து ஹிந்தி பேசுகிறவர். எத்தனை கிலோ மீன் என்று கேட்டார். மீன் இல்லை, ஐஸ் மட்டும், சுத்தமாக வேண்டும் என்றேன். அவர் கையிலிருந்த ரம்பத்தைக் கீழே வைத்தார். என் வெள்ளைச் சட்டையையும் நரைத்த தலையையும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அங்கிள், கர் மே கோயி குஜர் கயா க்யா?"

வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்கிறார். மீன் இல்லாமல் ஐஸ் வாங்க வருபவர்கள் இங்கே அதற்குத்தான் வருவார்கள். மெயின்லேண்டிலிருந்து உறவினர்கள் வந்து சேரும் வரை உடலை வைத்திருக்க வேண்டுமே. நான் அவசரமாக மறுக்கப் போய், உள்ளதைச் சொன்னேன்.

"நஹீ, நஹீ. பேட்டி கே லியே."

மகளுக்காக. அவர் முகம் மாறியது. உள்ளே போய்க் கண்ணாடி போல ஒரு பாளத்தைத் தேர்ந்தெடுத்து, குழாய் நீரில் இரண்டு முறை கழுவி, புதுச் சாக்கில் சுற்றி, தானே கொண்டுவந்து ஸ்கூட்டரில் வைத்துக் கட்டினார். பிறகு என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நான் விளக்கியிருக்க வேண்டும். அவள் சென்னையில் நன்றாக இருக்கிறாள், என்னோடு பேசுவதில்லை, அவ்வளவுதான் என்று ஹிந்தியில் ஒரு வாக்கியம் அமைத்துப் பார்த்தேன். அது வாயிலிருந்து வரவில்லை. வழியெல்லாம் ஐஸ் உருகி முதுகை நனைத்தது. மீன் நாற்றத்தோடு வீடு வந்தேன். உங்கள் வாழ்க்கையில் எத்தனையோ பேர் மேல் உங்களுக்கு அருவருப்பு வந்திருக்கும். உங்கள் மேலேயே வரும்போதுதான் அதன் முழு நாற்றமும் தெரியும்.

அன்னாசியைச் சர்க்கரையோடு கொதிக்கவைத்து ஆறவிட்டோம். மரகதம் ஐஸை உடைத்தாள். தம்ளர் முட்ட நிரப்பி, கரண்டியின் முதுகில் பாலை விட்டேன், பிறகு பச்சையை விட்டேன். மஞ்சள் கீழே, வெள்ளை நடுவில், பச்சை மேலே. நின்றது. மரகதம் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு படம் எடுத்தாள். நான் குடித்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், அது இப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை. கழுவியும் ஐஸில் மீன் வாடை இருந்தது. பச்சை, பச்சையாகவே கசந்தது. ஆனால் அடியில் இருந்த அன்னாசி வரும்போது தம்ளரைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

அன்று மாலை ஒரு கடிதம் எழுதினேன். பத்திகளுக்கு எண் போடவில்லை. முந்தைய அறிக்கை நேரில் ஆய்வு செய்யாமல் எழுதப்பட்டது, எனவே செல்லாது என்று எழுதினேன். பானம் எனக்குப் பிடிக்கவில்லை, அது பானத்தின் குறையாக இருக்க வேண்டியதில்லை என்றும் எழுதினேன். ஐஸ்காரர் கேட்டதையும், நான் சொன்ன பதிலையும், விளக்காமல் வந்ததையும் எழுதினேன். நகல் என்ற சொல்லை எழுதப் போன கையை நிறுத்திக்கொண்டேன். ஜூலை இருபத்தொன்பதாம் தேதி தபாலில் சேர்த்தேன்.

பதில் பதினான்காம் நாள் வந்தது. ஒரு தாள். 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. முந்தைய கோப்பு முடிக்கப்பட்டது. தூளைக் கொதிநீரில் போடக் கூடாது, அதனால்தான் கசப்பு. அன்னாசி நாளை முதல் கடையில் சேர்க்கப்படுகிறது. அடுத்த ஆய்வைக் கடைக்கு நேரில் வந்து செய்யவும். ஐஸ்காரரிடம் போய் நான் உயிரோடு இருக்கிறேன் என்று உடனே சொல்லவும். இடம்: சென்னை. சொந்த ஊர்: ஜங்லிகாட். நகல்: யாருக்கும் இல்லை.'

தேவகோட்டையைச் சொந்த ஊராக எழுதிக் கொடுத்த நான், ஜங்லிகாட்டில் உட்கார்ந்து அதை இரண்டு முறை படித்தேன். பிறகு ஸ்கூட்டர் சாவியை எடுக்கும் முன், தாளின் இடது மேல் மூலையில், சிவப்பு மையில், பழைய பழக்கப்படி எழுதினேன்: பெறப்பட்டது, ஆகஸ்ட் பன்னிரண்டு.