அண்ணனுக்கு அப்பா பெயர்

அண்ணனின் முகத்தை நான் மறைப்பில்லாமல் பார்த்தது ஒரே ஒரு முறைதான். பாகூரில் எங்கள் வீட்டு வாசலில், நடுப்பகல் வெயிலில், வாயைச் சுற்றிக் கட்டியிருந்த துண்டை அவனே அவிழ்த்தான். மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. அதற்கு மேலே அப்பாவின் கண்கள்.

விரதம் இருந்து பெற்ற தலைப்பிள்ளை அவன். பிறந்த அன்று ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போன அப்பா, குழந்தை இறந்தே பிறந்ததாக உறவுக்காரர்களிடம் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே பிள்ளையை எங்கள் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பினார்கள். கரும்புத் தோட்டத்துக் குடிசையில் இருந்த அவருக்கும் மனைவிக்கும் பிள்ளை இல்லை. மார்பில் பால் குடிக்க முடியாத குழந்தைக்குத் துணியைப் பாலில் நனைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிழிந்து உயிரைப் பிடித்து வைத்தார்கள். அம்மா அழுதாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான். நான்கு வருஷம் கழித்துப் பிறந்த எனக்கு இதையெல்லாம் சொன்னவளும் அவள்தான். யாரிடமும் மூச்சு விடாதே என்றும் சொன்னாள்.

அன்று வாசலுக்கு வந்தபோது அவனுக்கு இருபது வயதிருக்கும். சொற்கள் மூக்கு வழியாகத்தான் வந்தன. "சைகோனுக்கு வேலைக்குப் போறேன். மேரியில பொறந்த காயிதம் கேக்கறாங்க. அப்பான்னு உங்க பேரைப் போட்டா போதும். சொத்து வாணாம்" என்றான். மேரி என்பது பிரெஞ்சுக்காரர்களின் கொம்யூன் அலுவலகம். பிறப்பும் இறப்பும் அங்கேதான் பதிவாகும்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "இன்னா சொல்றான் இவன்? உனக்குப் புரியுதா?"

எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு துண்டைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். அடுத்த மாதம் கப்பலேறினான் என்று கேள்விப்பட்டோம்.

அம்மா இறந்த பிறகு அப்பா சரியாகத் தூங்கவில்லை. கண் பார்வையும் மங்கிவிட்டது. ஒருநாள் காலையில், "வண்டி கட்டச் சொல்லு, மேரிக்குப் போவணும்" என்றார். கன்னியர் பள்ளியில் நான் கொஞ்சம் பிரெஞ்சு படித்திருந்ததால் என்னையும் அழைத்துப் போனார். மாட்டை ஓட்டியவர் அதே வண்டிக்காரர்தான். போகும் காரியம் இன்னதென்று தெரிந்தும் அவர் வாய் திறக்கவில்லை.

அண்ணனுக்குத் தகப்பனாகத் தன் பெயரை எழுதச் சொன்னார் அப்பா. குமாஸ்தா பெரிய புத்தகத்தைப் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "இவருக்குத்தான் அப்பா இருக்காரே, முசியே" என்றார். அப்பா நம்பாமல் என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். அண்ணன் கப்பலேறிய மாதத்தில் எழுதிய பதிவு அது; தகப்பன் என்ற இடத்தில் வண்டிக்காரரின் பெயர் இருந்தது. கையெழுத்துப் போடத் தெரியாததால் கைநாட்டு வைத்திருந்தார்.

திரும்பும் வழியெல்லாம் அப்பா வண்டிக்காரரின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார். ஏரிக்கரை தாண்டியதும் மெதுவாக என்னிடம், "நீயாவது அவனை ஒருநாள் அண்ணான்னு கூப்பிட்டிருக்கியாம்மா?" என்று கேட்டார்.

"இல்லப்பா" என்றேன்.

உலகச் சண்டை வந்து கப்பல்கள் நின்றன. அண்ணனிடமிருந்து வண்டிக்காரருக்கு வந்துகொண்டிருந்த கடிதங்களும் நின்றுபோயின. இன்று அப்பா இல்லை, வண்டிக்காரரும் இல்லை. எனக்கு வயதாகிவிட்டது. அண்ணன் எந்த ஊரில் இருக்கிறான், இருக்கிறானா என்றுகூட யாரிடம் போய்க் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.