கடைசிப் பக்கத்தில் இரண்டு பெயர்கள்

கபிரியேல் பஹ்ரைனுக்குப் போனபோது அவருக்கு வயது முப்பது. அங்கே ஓர் அரபி முதலாளியின் மீன்பிடி லாஞ்சில் வேலை. லாஞ்சிலேயே சமையல், லாஞ்சிலேயே தூக்கம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விடுப்பில் ஊருக்கு வருவார். வந்த விடுப்புகளில் ஒன்று பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு, ஒன்று அப்பாவின் அடக்கத்துக்கு, ஒன்று மகள் கல்யாணத்துக்கு என்று கழிந்தன. தேர்தலுக்கென்று ஒன்றும் அமையவில்லை. அதை அவர் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை.

அவருடைய ஊர் பாறைத்துறை. புதுக்கடையிலிருந்து தெற்கே இறங்கினால் கடல் முட்டும் இடத்தில் இருக்கிறது. வீட்டுக்கு ஓர் ஆணாவது வளைகுடாவில் லாஞ்சில் இருப்பான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் ஆண்கள் பக்கம் பாதி காலியாகக் கிடக்கும்.

2019-இல் அவருடைய விடுப்பும் தேர்தலும் ஒன்றாக வந்தன. மனைவி வேளாங்கண்ணியோடு பள்ளிக்கூடத்துக்குப் போய் வரிசையில் நின்றார். கையில் பழைய வாக்காளர் அட்டை இருந்தது. உள்ளே பட்டியலைப் புரட்டியவர், பெயர் இல்லை என்றார். ஊரில் குடியில்லாதவர் என்று முந்தின வருஷமே நீக்கியிருக்கிறார்கள். வேளாங்கண்ணி ஓட்டுப் போட்டுவிட்டு வரும்வரை கபிரியேல் வாசலில் காத்து நின்றார். அன்றைக்கு அது ஒரு சின்ன அவமானம், அவ்வளவுதான்.

அடுத்த விடுப்பில்தான் அது பெரிதானது. ஆனி மாதக் கடல் ஊருக்குள் ஏறி, கரையோர வீடுகளில் சிலவற்றின் முன்சுவரை இழுத்துக்கொண்டு போனது. ஆட்கள் கட்டிலையும் பாத்திரத்தையும் தலையில் சுமந்து மேட்டுக்கு ஓடினார்கள். மறுநாள் ஒரு கட்சிக்காரர் ஜீப்பில் வந்து பார்த்தார். பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு தூண்டில் வளைவு கேட்டார்கள். கடலுக்குள் கல்லைக் கொட்டி அலையை மடக்கும் அந்தச் சுவருக்காக ஊர் பல வருஷமாய் மனு கொடுத்து வந்தது. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். திரும்பி நடக்கும்போது கூட வந்தவரிடம் தணிந்த குரலில் சொன்னார்.

“இங்க ஆம்பிளையெல்லாம் வெளிநாட்டுல. பெண்டுகளுக்க ஓட்டு மட்டும்தான் உண்டு. அடுத்த ஊரைப் பாப்போம்.”

நனைந்த மெத்தை ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுச் சுவரோரம் நின்ற கபிரியேலின் காதில் அது விழுந்தது. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்பதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

பஹ்ரைன் திரும்பியதும் இதை ஆன்ட்ரூஸிடம் சொன்னார். ஆன்ட்ரூஸ் அதே ஊர், அதே லாஞ்ச், எட்டு வயது இளையவன். இன்ஜின் பார்ப்பவன், போனிலும் கெட்டிக்காரன். அவன் தேடிப் படித்துச் சொன்ன பிறகுதான் கபிரியேலுக்கு விஷயம் தெரிந்தது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காத இந்தியன் எவனும், பாஸ்போர்ட்டில் இருக்கும் ஊர் முகவரியிலேயே வெளிநாடு வாழ் வாக்காளராகப் பெயர் சேர்க்கலாம். பட்டியலின் கடைசியில் அவர்களுக்குத் தனிப் பக்கம். ஆனால் ஓட்டை ஊருக்கு வந்துதான் போட வேண்டும். அசல் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும்.

பஹ்ரைன் துறைமுகத்தில் ஊர்க்காரர்களைக் கூட்டி வைத்து இதைச் சொன்னபோது பலரும் சிரித்தார்கள். ஒரு பொத்தானை அமுக்க யார் விமானம் ஏறுவார் என்று கேட்டார்கள். கபிரியேலுக்கும் அது தெரியும். கடலில் கிடப்பவனால் எத்தனை தேர்தலுக்கு ஓடி வர முடியும்? இருந்தாலும் பெயராவது ஊரில் இருக்கட்டும், ஆளில்லாத ஊர் என்று இனி ஒருவன் சொல்லாமல் இருக்கட்டும் என்றார். கடைசியில் ஆன்ட்ரூஸ் மட்டும்தான் கூட நின்றான்.

பாஸ்போர்ட்டெல்லாம் முதலாளியின் அலுவலகத்தில் பூட்டிக் கிடந்தன. பல வெள்ளிக்கிழமை அலைந்தபின் அங்கிருந்த மலையாளி மேலாளர் மனமிரங்கி, எடுத்து வைத்துப் போனில் படம்பிடிக்க விட்டார். ஆன்ட்ரூஸ் இருவருக்கும் விண்ணப்பம் அனுப்பினான். ஊரில் விசாரிக்க வந்தவர் ஜெஸ்பின். அங்கன்வாடி வேலையோடு அந்தப் பகுதியின் வாக்குச்சாவடி அலுவலர் வேலையும் அவருக்கு. பழைய வாக்காளர் அட்டை இருந்தால் திருப்பித் தர வேண்டும் என்றார். வேளாங்கண்ணிக்கு அதைக் கொடுக்க மனசில்லை. அதில் கபிரியேல் மீசை கறுத்து, இளமையாக இருந்தார். போனில் அவர் வற்புறுத்திய பிறகுதான் எடுத்துக் கொடுத்தாள்.

பெயர்கள் ஏறின. அன்றைக்கு ஆன்ட்ரூஸ் தன் மனைவி பிரிஜாவை அழைத்து, எனக்க பேரு ஊருல ஏறியாச்சு என்று சத்தமாகச் சொன்னதை லாஞ்சில் எல்லோரும் கேட்டார்கள்.

2024 ஏப்ரலில் தேர்தல் என்று அறிவிப்பு வந்தது. இரண்டு பேரும் விடுப்புக் கேட்டார்கள். ரமலான் நோன்புக் காலம் முடியுமுன் ஒரு பயணம் கடலுக்குப் போய்வந்தால் விடுப்பு உண்டு என்றார் முதலாளி. மேலாளர் தானும் ஊருக்குக் கிளம்புவதால் பாஸ்போர்ட்டுகளை முன்கூட்டியே கையில் கொடுத்துவிட்டார். லாஞ்சைத் தவிர அவர்களுக்கு வேறு வீடு கிடையாது. ஆன்ட்ரூஸ் இரண்டையும் பிளாஸ்டிக் உறையில் சுற்றித் தன் தகரப்பெட்டியில் வைத்தான்.

அந்தப் பயணத்தின் கடைசி மாலையில் கடல்மேல் புழுதிமூட்டம் இறங்கியிருந்தது. சூரியன் மங்கும் நேரம். சரக்குக் கப்பல் ஒன்று லாஞ்சை இடித்துவிட்டு, இடித்தது தெரிந்தோ தெரியாமலோ, அப்படியே போய்விட்டது. லாஞ்ச் ஒருபக்கமாகச் சாய்ந்து தண்ணீர் குடித்தது. தெறித்து விழுந்த கபிரியேலுக்கு வலையின் மிதவைகள் கைக்குக் கிடைத்தன. இன்னும் இரண்டு பேர் அவரைப் பற்றிக்கொண்டார்கள். ஆன்ட்ரூஸ் கீழே இன்ஜினருகில் இருந்தான். கபிரியேல் தொண்டை கிழியுமட்டும் அவன் பேரைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் வந்த இன்னொரு லாஞ்ச் மூன்று பேரையும் தூக்கியது. ஆன்ட்ரூஸின் உடல் இரண்டு நாள் கழித்துக் கரையில் ஒதுங்கியது.

பாஸ்போர்ட் கடலோடு போய்விட்டதால், ஊர் திரும்ப மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழ் ஒன்றைத் தூதரகத்தில் கபிரியேலுக்குக் கொடுத்தார்கள். ஆன்ட்ரூஸின் சவப்பெட்டி வந்த விமானத்திலேயே அவரும் வந்தார். திருவனந்தபுரத்தில் இறங்கியதும் அதிகாரி அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டார். கையில் வேறு ஒன்றும் இல்லை. ஆம்புலன்ஸின் முன்னிருக்கையில் உட்கார்ந்து மார்த்தாண்டம், புதுக்கடை வழியாக ஊர் வந்து சேர்ந்தார். ஈஸ்டர் பாஸ்கா முடிந்த வாரம். அடக்கம் முடிந்தும் பிரிஜாவின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

தேர்தல் நாளன்று அவர் எழும்பிக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டபோது வேளாங்கண்ணி தடுக்கவில்லை. வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் கரையை விட்டுத் தள்ளியிருந்த பள்ளி ஒன்றின் ஆசிரியை, நடுவயதுப் பெண். பட்டியலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அங்கே இரண்டு பெயர்கள்தான் இருந்தன. ஒன்றின்மேல் விரலை வைத்து, பாஸ்போர்ட் கேட்டார்.

“அது கடல்ல போச்சு, டீச்சர்.”

நடந்ததை அவர் சுருக்கமாகச் சொன்னார். உள்ளே இருந்த எதிரெதிர்க் கட்சி முகவர்கள் இருவருமே பாறைத்துறைக்காரர்கள். ஒருவருக்கொருவர் வருஷக்கணக்காகப் பேச்சில்லாதவர்கள். இருவரும் எழுந்து, ஆள் இவர்தான், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றார்கள். ஆசிரியை வெளியே போய் மேலதிகாரிக்குப் போன் செய்தார். திரும்பி வந்து, உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

“நீங்க யாருன்னு இந்த ஊரே சொல்லுது, அண்ணே. எனக்கும் சந்தேகமில்ல. ஆனா இந்தப் பக்கத்துல உள்ள பேருக்குப் பாஸ்போர்ட்டைத் தவிர வேற எதையும் நான் ஏத்துக்க முடியாது.”

கபிரியேல் அந்தப் பக்கத்திலிருந்த மற்றப் பெயரைத் தொட்டுக் காட்டினார்.

“அடுத்த பேருகாரன் வரமாட்டான், டீச்சர்,” என்றார். “அவனைக் காத்திருக்கண்டாம்.”

அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் வெளியே வந்தார். ஆசிரியை வாசல்வரை கூடவே வந்தார். வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள்.

பஹ்ரைனிலிருந்து முதலாளி ஆளனுப்பி வேறு லாஞ்ச் இருக்கிறது என்றார், கபிரியேல் போகவில்லை. ஊரிலேயே ஒரு வள்ளத்தில், பிடிக்கிற மீனில் பங்கு வாங்கும் பங்காளாகச் சேர்ந்தார். ஜெஸ்பின்தான் விடாமல் வந்து, வெளிநாட்டுப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்து, ஊரில் குடியிருப்பவராக மறுபடியும் சேர்க்கப் படிவங்களில் கையெழுத்து வாங்கினார்.

2025 கார்த்திகையில் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் வந்தது. வீடுவீடாகப் பெயர் அச்சிட்ட படிவங்களைக் கொடுத்து நிரப்பி வாங்க வேண்டும். பாறைத்துறையில் ஜெஸ்பினுக்கு அது லேசான வேலையாக இல்லை. ஆள் அரபு நாட்டில் இருக்கிறான், யார் கையெழுத்துப் போடுவது என்று பெண்கள் பயந்தார்கள். சிலர் படிவத்தை வாங்கவே மறுத்தார்கள். கபிரியேல் காலையில் கடலுக்குப் போய்வந்து, மத்தியானம் அவரோடு கிளம்பினார். விடுப்பில் வந்து போகிறவன், ஐந்தாறு வருஷமாய் வராதவன், குடும்பத்தையே கூட்டிக்கொண்டு போனவன் என்று ஆளுக்கொரு நிலை. எதையும் மறைக்காமல் உள்ளதைச் சொல்லுங்கள், வீட்டில் உள்ளவர்களே கையெழுத்துப் போடலாம் என்று திண்ணமாக எடுத்துச் சொன்னார். 2019-இல் வாசலில் நின்ற கதையையும் சொன்னார். அதைக் கேட்டுத்தான் பலரும் பேனாவைக் கையில் எடுத்தார்கள்.

ஒரு வீட்டின் முன்னால் ஜெஸ்பின் நின்றுவிட்டார். கையிலிருந்த படிவக் கட்டுக்குள் ஆன்ட்ரூஸின் பெயர் அச்சிட்ட படிவமும் இருந்தது. பெயரை நீக்க யாரும் எழுதிக் கொடுக்காததால் அது அப்படியே பட்டியலில் இருந்திருக்கிறது. இறந்துவிட்டார் என்று எழுத ஜெஸ்பினுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. அடக்கத்துக்கு அவரும் வந்தவர்தான். ஆனாலும் அந்த வீட்டுக்காரியிடம் சொல்லாமல் எழுதக்கூடாது என்று நினைத்தார். கபிரியேல் முன்னால் நடந்து கதவைத் தட்டினார்.

பிரிஜா படிவத்தை வாங்கி, அச்சில் இருந்த பெயரையும் சின்னப் படத்தையும் பார்த்துக்கொண்டு நின்றாள். இதை நான் வச்சுக்கிடலாமா என்று கேட்டாள். குறித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார் ஜெஸ்பின். பிரிஜா தலையசைத்தாள். அப்போதுதான் கபிரியேல் இத்தனை நாள் உள்ளே வைத்திருந்ததைச் சொன்னார்.

“நான் சொல்லித்தான் மக்கா அவன் பேரு சேத்தான். நான் இழுக்காம இருந்திருந்தா...”

“அண்ணே, அவரு போனது கப்பல் மோதி. ஓட்டுக்காகப் போவல,” என்றாள் பிரிஜா. “லீவு கிடைச்சாலும் கிடைக்காட்டாலும் அந்தத் தடவை கடலுக்குப் போவாரு. எனக்குத் தெரியாதா?” படிவத்தை ஜெஸ்பினிடம் நீட்டிக்கொண்டே சொன்னாள். “பேரு ஏறின அன்னைக்கு அவரு போன்ல பேசின பேச்சு இருக்கே, கல்யாணத்தன்னைக்குக்கூட அவரு அப்படிச் சிரிக்கல. அதை நீங்க கொடுத்ததுன்னுதான் நான் நினைக்கேன்.”

கபிரியேல் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். ஆன்ட்ரூஸ் செத்ததிலிருந்து அவர் அழுதது அன்றைக்குத்தான். ஜெஸ்பின் படிவத்தில் குறித்தார். பிரிஜா அதைக் கடைசிவரை பார்த்திருந்துவிட்டு, தன் பெயர் இன்னும் குளச்சல் பக்கம் அம்மா வீட்டில்தான் இருக்கிறது, அதை இங்கே கொண்டுவர என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். முதலில் அங்கே கையெழுத்துப் போட வேண்டும், பிறகு மாற்றலாம் என்று ஜெஸ்பின் விளக்கினார். மறுநாளே அவள் குளச்சலுக்குப் பஸ் ஏறினாள்.

சட்டமன்றத் தேர்தல் வந்தபோது கபிரியேலுக்கு வயது ஐம்பத்தேழு. புது அட்டையைக் காட்டினார். கையெழுத்துப் போட்டார், விரலில் மை வைத்தார்கள். பொத்தானை அமுக்கியதும் பக்கத்துக் கண்ணாடிக்குள் ஒரு சீட்டு தெரிந்து, அறுந்து, கீழே விழுந்தது. அது விழுந்த பிறகும் அவர் அங்கேயே நின்றார். முடிந்தது, போகலாம் என்று அலுவலர் இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் நகர்ந்தார்.

வெளியே பெண்கள் வரிசையில் வேளாங்கண்ணியும் பிரிஜாவும் அடுத்தடுத்து நின்றார்கள். அவர்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கரைக்குப் போனார். வலையில் அயிலை மீன் பட்டுக்கொண்டிருந்த நாட்கள். மத்தியானமே வள்ளம் இறக்க வேண்டும் என்று வள்ளத்துக் கூட்டாளிகள் அவருக்காகக் காத்திருந்தார்கள்.