எங்கள் பாறைக்கு வழி சொன்ன போன்

நேற்று கடலில் எங்கள் பாறைப்பக்கம் தூண்டில் போட்டிருக்கும்போது, போனில் ‘இருப்பிடம்’ என்ற சொல்லை எழுத்துக்கூட்டி நானே வாசித்துவிட்டேன். அறுபத்தெட்டு வயதில் அந்தச் சந்தோஷம் தாங்கவில்லை. வாசித்த பெருமையில் அதை அழுத்தி, எங்கள் ஊர் மீனவர் வாட்ஸ்அப் குழுவுக்கே அனுப்பிவிட்டேன்.

இன்று காலையில் நானும் மச்சான் சூசையும் போனால், எங்கள் பாறையைச் சுற்றி ஒன்பது வள்ளங்கள் நிற்கின்றன. முப்பது வருடமாக நாங்கள் இருவர் மட்டுமே தூண்டில் போட்ட இடம் அது. பெண்டாட்டிகளிடம்கூடச் சொன்னதில்லை.

பக்கத்து வள்ளத்துக்காரன் கத்தினான்: “பெருசு, போனு நேரா இங்கன கொண்டாந்து விட்டுருச்சு! நாளைக்கும் ஒரு எடம் அனுப்புங்க!”

சூசை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“மச்சான், நான்தான் தெரியாம அனுப்பிட்டேன்” என்றேன்.

“தெரியும். நம்ம வள்ளத்துல நீதான படிச்ச ஆளு” என்று தூண்டிலைச் சுருட்டினான்.

அனுப்பியதை எப்படி அழிப்பது என்று அதே குழுவில் கேட்டேன். எல்லோரும் பார்த்துவிட்டார்கள், ஒருவரும் பதில் போடவில்லை.

நீங்களாவது சொல்லுங்கள். சின்னச் சின்னச் சொற்களாக எழுதினால் வாசித்துவிடுவேன்.