பதினாறு டேப்பட்டுகள்

பிளாரன்ஸுக்கும் அவள் அண்ணன் செல்வினுக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு கிடையாது. அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு, “பொட்டச்சிக்கு எதுக்குளா பட்டறை?” என்று அப்பாவின் பட்டறையிலிருந்த அவள் சாமான்களைத் தெருவில் எறிந்தவன் அவன். பதினெட்டு வருஷம் விசைப்படகு இன்ஜின்களைப் பிரித்து மாட்டிய கை அவளுடையது. அவள் அழவில்லை. புதுக்கோட்டை ரோட்டில் தகரக் கொட்டகை போட்டாள்.

அந்தக் கொட்டகைக்குத்தான் உப்பு வியாபாரி விக்டர் தன் எட்டு சிலிண்டர் அமெரிக்கக் காரை லாரியில் கட்டி இழுத்து வந்தார். மகள் கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

“ஒங்க அண்ணன் புது டேப்பட்டு போட்டான். அதுலேருந்து ஒரு தடவ கூட ஸ்டார்ட் ஆவல. வேற ஆளு இல்லாமத்தான் ஒன்கிட்ட வந்தேன். கெடுத்துப்புடாத.”

“கெடுத்தது யாருன்னு பிரிச்சாத் தெரியும், அண்ணாச்சி.”

பிரித்ததும் தெரிந்தது. படகு இன்ஜினில் வால்வுக்கு மேலே கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். இதில் வால்வைத் தூக்கிவிடும் டேப்பட்டு வேறு ரகம். உள்ளே எண்ணெய் நிறைந்து, இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ளும். இதற்கு இடைவெளி கூடாது என்று செல்வின் எங்கோ கேட்டிருக்கிறான். கேட்டது அவ்வளவுதான். இடைவெளியைச் சரிசெய்யும் நட்டுகளைப் பலங்கொண்ட மட்டும் இறுக்கி வைத்திருந்தான். வால்வு மூடவே வழியில்லை. டேப்பட்டுக்கு மேலே நிற்கும் புஷ்ராடு கம்பிகளில் இரண்டு வளைந்தும் போயிருந்தன.

சென்னையிலிருந்து பஸ் பார்சலில் புதுக் கம்பிகள் வந்தன. அன்று பதினாறு டேப்பட்டுகளையும் எண்ணெய்த் தட்டில் அவள் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தபோது செல்வின் வந்து நின்றான். விக்டரும் அங்கேதான் இருந்தார்.

“ஏளா, நான் பாத்த இன்ஜின்ல நீ எதுக்கு கைய வைக்க?”

“நீ பாத்ததுனாலதான் இங்கன கெடக்கு.”

செல்வின் ஓங்கி ஓர் உதை விட்டான். தட்டு கவிழ்ந்து டேப்பட்டுகள் மணலில் உருண்டன. ஓடிய இன்ஜினில் ஒவ்வொரு டேப்பட்டும் தன் கீழே சுழன்று தன்னைத் தூக்கிவிடும் கேமோடு சேர்ந்தே தேயும். கழற்றினால் அதே குழியில்தான் திரும்பப் போட வேண்டும். அது தெரிந்துதான் உதைத்தான்.

“இப்பம் வரிசைய அடுக்குளா, பாப்போம்!”

பிளாரன்ஸ் சிரித்துவிட்டாள். “நீ மாட்டுனது ஒரு நிமிசம் ஓடியிருந்தாத்தான தேயும்? தேயாத டேப்பட்டு எந்தக் குழியில கெடந்தா என்ன?”

அவன் முகம் கறுத்தது. அவள் பெரிய ஸ்பானரை எடுத்ததும் நடையைக் கட்டினான். 

ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் டேப்பட்டு சிக்கிக்கொள்ளும். ஒவ்வொன்றாகப் பிரித்து, மண்ணெண்ணெயில் அலசி மாட்ட அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது. அப்புறம் புஷ்ராடை இரண்டு விரலால் உருட்டிக்கொண்டே நட்டை இறக்கினாள். கம்பி லேசாகப் பிடிக்கும் இடத்தில் நிறுத்தி, மேற்கொண்டு அரைச் சுற்று. பதினாறுக்கும் அப்படியே.

ஸ்டார்ட் ஆனதும் இன்ஜின் கடகடவென்று தட்டியது. விக்டர் குதித்தார். “அண்ணனும் தங்கச்சியும் சேந்து என் காரக் கொன்னுட்டீங்களே!”

“எண்ணெ ஏறட்டும். வாய மூடிட்டு நில்லுங்க.”

கொஞ்ச நேரத்தில் தட்டல் ஒவ்வொன்றாக அடங்கியது. சீரான உறுமல் மட்டும் மிஞ்சியது. விக்டர் ஏறி ஓட்டிப் போனார்.

கல்யாணத்தன்று கோவில் வாசலில் காரைச் சுற்றி ஒரே கூட்டம். “எல்லாம் நம்ம செல்வின் கைவேல” என்று விக்டர் சொன்னது பிளாரன்ஸின் காதில் விழுந்தது. பக்கத்தில் செல்வின் புதுச் சட்டையில் இளித்துக்கொண்டு நின்றான். அவள் சாப்பிடாமல் திரும்பிவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து விக்டர் மறுபடி வந்தார். கார் எண்ணெய் குடிக்கிறதாம்.

“பாக்கேன், அண்ணாச்சி. அதுக்கு முன்னால, இன்ஜின ஓட வச்சது யாருன்னு செல்வின் பட்டறை வாசல்ல நின்னு சத்தமாச் சொல்லிட்டு வாங்க.”

“நீ என்னளா பெரிய இவளா?”

“அப்பம் அங்கனயே கொண்டு போங்க.”

அவர் கொண்டு போனார். இப்போது அந்தக் கார் உப்புக் கிட்டங்கியில் தார்ப்பாய் மூடிக் கிடப்பதாகச் சொல்கிறார்கள். பிளாரன்ஸ் அதைக் கேட்டு, “கெடக்கட்டும்” என்று மட்டும் சொன்னாள்.