ஒட்டகம் குடித்த அண்டா

"ஒட்டகம் பல நாள் தண்ணீர் குடிக்காமல் இருக்கும்" என்று மகள் சத்தம் போட்டுப் படித்தாள். எனக்கு அத்தையின் அண்டா ஞாபகம் வந்தது.

அப்போது திண்டுக்கல்லில் எங்கள் தெருக் குழாயில் பத்து நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். அத்தை அண்டாவை நிரப்பி முடித்த நேரத்தில், பிள்ளைகளை ஏற்றிச் சுற்றும் ஒட்டகம் ஒன்று வந்து நின்றது. வேலியிலிருந்த கருவேல முள்ளை முறுக்குப் போல மென்றுவிட்டு அண்டாவையே பார்த்தது.

"கொஞ்சூண்டு குடிக்கட்டும் அத்தை. அதுக்குத் தண்ணியே தேவப்படாதாம், பாடத்துல போட்டிருக்கு" என்றேன்.

அத்தை மூடியைத் திறந்தார். அண்டாவின் அடி தெரிந்த பிறகுதான் ஒட்டகம் தலையைத் தூக்கியது.

"ஏலே, இம்புட்டையும் குடிக்கும்னு பாடத்துல போடலயா?" என்று அத்தை என்னைத் துரத்தினார்.

"நெசமாவே குடிக்காம இருக்குமாப்பா?" என்று மகள் கேட்டாள்.

"இருக்கும்மா. அடுத்த தண்ணி வர்ற வரைக்கும் நாங்களும் இருந்தோம்."